கதவைத் திறந்தால் நிற்கும்

புளியங்குடியில் ஒரு வீட்டின் பின்கட்டில் துணி துவைக்கும் மிஷினைப் பழுது பார்த்து ஓட விட்டிருந்தேன். தண்ணீர் நிரம்பி டிரம் சுற்ற ஆரம்பித்தது. அந்த வீட்டம்மா கையில் ஒரு சட்டையோடு வந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மூடியைத் தூக்கினார். டிரம் நின்றது. சட்டையைப் போட்டு மூடினார். மறுபடி சுற்றியது. அவ்வளவுதான் நடந்தது.

எனக்குக் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்துவிட்டது.

ஆறு நாட்களுக்கு முன்னால், ஐந்தருவி போகிற ரோட்டில் இருக்கும் ஒரு வீட்டில், பாத்திரம் கழுவும் மிஷினின் கதவுச் சுவிட்சுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவற்றுக்குப் போகும் ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கி டேப் சுற்றிவிட்டு வந்திருந்தேன். எங்கள் தொழிலில் இதற்கு ‘டைரக்ட்’ செய்வது என்று பெயர். டைரக்ட் செய்த மிஷினுக்குக் கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியாது. பாதி ஓட்டத்தில் திறந்தால் நிற்காது. உள்ளே சுழன்று அடிக்கிற வெந்நீர், திறந்தவர் மேல் அடிக்கும்.

அந்த ஐந்தருவி ரோட்டு வீட்டம்மாவுக்குப் பாதி ஓட்டத்தில் கதவைத் திறக்கிற பழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவன் நான்தான். இது இரண்டும் எனக்கு ஆறு நாளாகச் சேர்ந்து ஞாபகம் வரவில்லை.

போனை எடுத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு நம்பரிலிருந்து இரண்டு அழைப்பு, திங்கட்கிழமை ஒன்று. மூன்றையும் வந்தபோதே பார்த்தேன். மிஷின் ஓடவில்லை என்கிற அதே புகாராக இருக்கும் என்று எடுக்கவில்லை. இப்போது கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

அந்த வீட்டுக்காரரை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி எனக்கு மதினி. இரண்டு பேரும் மாடியைச் சீசனில் அருவிக்குக் குளிக்க வருகிற குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். சாப்பாடும் உண்டு, சமைப்பது மதினி. பத்துப் பதினைந்து பேர் மூன்று வேளை சாப்பிட்டால் எத்தனை பாத்திரம் விழும் என்று, நாலு வருடம் கொல்லத்தில் ஒரு ஹோட்டலில் தட்டுக் கழுவிய எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பாதியில் செங்கோட்டை தாண்டிப் போனவன் நான். கழுவுகிற தொட்டியில்தான் முதல் வேலை. என் விரல் இடுக்குகள் வெந்து தோல் உரிந்து கிடந்தன. எல்லாருக்கும் அப்படித்தான் இருந்தது, அதனால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மதினிக்கு அதைவிட மோசம். சோப்புத் தண்ணீர் பட்டால் உள்ளங்கை வெடிக்கும். விரல் நுனிகளில் கத்தியால் கீறியது போலக் கோடுகள், அதில் ரத்தம். தென்காசியில் தோல் டாக்டர், இனிமேல் சோப்பில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கையுறை போட்டால் உள்ளே வியர்த்து இன்னும் அதிகமானது. அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு, பெங்களூரில் இருக்கும் மகள் மிஷினை வாங்கி அனுப்பினாள்.

அண்ணாச்சிக்கு அதில் சம்மதமே இல்லை. நான் முதல் தடவை போன அன்று, கதவுப் பலகையின் ஸ்க்ரூக்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அவர் நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“பாத்திரம் தேய்க்க ஒரு மிஷினு. அந்த மிஷினுக்கு ஒரு சீக்கு. அந்தச் சீக்குக்கு நீ ஒரு டாக்டரு. நல்லா இருக்குடே.”

மதினி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். “போலீசுல இருந்த காலம் பூரா இவுக தொடச்சது தொப்பி ஒண்ணுதான். சட்டி பானைய எங்க கண்டாக?”

“எட்டி, தொப்பிய நான் தொடச்சேனா? அதுவும் நீதான தொடச்ச.”

“அதச் சொல்லுங்க.”

நான் சிரித்துக்கொண்டே வேலையைப் பார்த்தேன். மிஷினில் விளக்கு எரிந்தது. பொத்தானை அமுக்கினால் ஓடவில்லை. கதவை மூடும்போது உள்ளே ‘டக்’கென்று ஒரு சின்னச் சத்தம் வர வேண்டும். வரவில்லை. கதவின் மேல் விளிம்பில், நடுவில், கொக்கி போய் விழுகிற ஒரு துளை இருக்கும். அதற்குள்தான் சுவிட்சுகள். இரண்டு, ஒவ்வொன்றும் பாதித் தீப்பெட்டி அளவு. கதவு மூடியிருக்கிறது என்று மிஷினை நடத்துகிற போர்டுக்குச் சொல்வது ஒன்று, மோட்டாருக்கும் ஹீட்டருக்கும் போகிற கரண்டை வெட்டுவது மற்றொன்று. மீட்டரை வைத்து ஒன்றின் பொத்தானை அமுக்கினேன், பீப் என்றது. மற்றதன் பொத்தான் அமுங்கவே இல்லை. சுற்றி வெளிர்மஞ்சளாக ஒரு பொடி இறுகிக் கிடந்தது. மிஷினுக்குப் போடுகிற சோப்புத் தூள் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். முகர்ந்து பார்க்கவில்லை. தென்காசியில் ஸ்பேர் கடையில், மைக்ரோவேவ் அடுப்புக்குப் போடுகிற அதே அளவு சுவிட்ச் கிடைத்தது. மாற்றினேன். ஓடியது.

ஓட ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் மதினி பதறினாள். “ஐயோ, ஒரு டம்ளர் விட்டுப்போச்சே.”

“வைங்க மதினி. கதவைத் தொறந்தா தானா நின்னுரும். பயப்படவே வேண்டாம்.”

அவள் நம்பவில்லை. நானே திறந்து காட்டினேன். சத்தம் சட்டென்று அடங்கியது. டம்ளரை வைத்து மூடினேன், மறுபடி ஓடியது. மதினி அவளே ஒரு தடவை திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தாள்.

“பரவாயில்லயே,” என்றாள். “நாம சொன்னா நிக்குத ஆளு ஒண்ணு இந்த வீட்டுக்கு வந்திருக்கு.”

அண்ணாச்சி நாற்காலியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சில மாதம் கழித்து மறுபடி நின்றது. மறுபடி அதே சுவிட்ச், அதே பொடி. சோப்புத் தூளைக் குறைத்துப் போடுங்கள் என்று சொன்னேன், மதினி தலையாட்டினாள். மூன்றாவது தடவை நடந்தது இந்தச் சீசன் நடுவில், ஒரு சனிக்கிழமை. சாரல் விழுந்துகொண்டிருந்தது, மாடியில் மதுரைக்காரர்கள் பதினோரு பேர். காலைப் பாத்திரம் பூராவும் தொட்டியில் குவிந்து கிடந்தது. இந்தத் தடவை இரண்டு சுவிட்சுமே போயிருந்தன. ஸ்பேர் கடையில் இருப்பு இல்லை, திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். மதினி தன் கையைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

டைரக்ட் செய்தேன். கொல்லத்துக்குப் பிறகு பெங்களூரில் நான் வேலை பார்த்த பெரிய ஹோட்டலில் எல்லா மிஷினும் டைரக்ட்தான். கதவு திறக்கும்போதெல்லாம் நின்றால் வேலை ஆகாது என்று மேஸ்திரியே செய்யச் சொல்வார். மெக்கானிக் பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு நான் படித்த முதல் பாடம் அதுதான். என் இடது முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது, அதுவும் அங்கே கிடைத்ததுதான்.

“திங்கக்கிழமை வந்து மாத்திருதேன் மதினி. அதுவரைக்கும் ஓடும்போது தொறக்காதீங்க.”

“சரி தம்பி.”

அங்கிருந்து புளியங்குடிக்குப் போனேன். எலுமிச்சை மண்டிக்காரர் ஒருவரின் ஃபிரிட்ஜ். அது முடிந்ததும் பக்கத்துக் கடை, அது முடிந்ததும் அவர் மச்சினன் வீடு. மண்டியிலேயே சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டேன். ஓரிடத்தில் சொன்ன நாளில் நான் திரும்பிப் போனதாக எனக்கே ஞாபகம் இல்லை. திங்கள் போனது. வெள்ளிக்கிழமை காலை, அந்த மச்சினன் வீட்டம்மாதான் துவைக்கும் மிஷினின் மூடியைத் தூக்கினார்.

புளியங்குடியிலிருந்து தென்காசி பஸ் கடையநல்லூரில் கால் மணி நேரம் நின்றது. இறங்கி இறங்கி ஏறினேன். பக்கத்தில் இருந்தவர், “ஏ வே, என்ன முள்ளு மேலயா இருக்கீரு?” என்று கேட்டார். தென்காசியில் புது சுவிட்ச் இரண்டு வாங்கிக்கொண்டு மினி பஸ் ஏறினேன். ஐந்தருவி ரோட்டில் இறங்கியபோது சாரல் முகத்தில் அடித்தது.

வீட்டின் முன்கதவு திறந்திருந்தது. பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சுற்றிப் போனேன்.

மதினி பின்பக்கக் குழாயடியில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெள்ளைத் துணிக் கட்டு. அந்தக் கையை மடக்கி மார்போடு வைத்திருந்தாள். இடது கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டிருந்தாள். பையின் அடியில் சோப்பு நுரையும் சிவப்பும் கலந்து தேங்கியிருந்தது.

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். கரண்ட் என்னைப் பல தடவை அடித்திருக்கிறது. அதில் கை விடுபட்டவுடன் முடிந்துவிடும். இது விடவில்லை.

“வந்துட்டீங்களா தம்பி,” என்றாள். “திங்கக்கிழமைன்னு சொன்னீங்க.” குற்றம் சொல்கிற குரல் இல்லை. நாள் பிசகிப்போனதைச் சொல்கிற குரல்தான்.

“மதினி, கையில என்ன?”

அவள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “இட்லிக் கொப்பரை ஆவி அடிச்சுட்டு,” என்று சத்தமாகச் சொன்னாள். பிறகு குரலை இறக்கினாள். “உள்ள அப்படித்தான் சொல்லிருக்கேன். நீங்களும் அதையே சொல்லுங்க.”

“மிஷினா?”

“டம்ளர் ஒண்ணு விட்டுப்போச்சு. ஞாயித்துக்கிழமை காலையில. நீங்க தொறக்காதீங்கன்னு சொன்னது ஞாபகம் இருந்துச்சு தம்பி. கைக்கு ஞாபகம் இல்ல. ஒரு வருசமா தொறந்து பழகின கைலா.”

டாக்டரிடம் போனீர்களா என்று கேட்டேன். போனாளாம், அங்கேயும் இட்லிக் கொப்பரை என்றுதான் சொன்னாளாம்.

“அண்ணாச்சிகிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா இத அன்னைக்கே தூக்கித் தெருவுல வச்சிருப்பாக. எப்படா ஒரு சாக்கு கெடைக்கும்னுதான இருக்காக. இந்தக் கைய வச்சிக்கிட்டு நான் இன்னும் எத்தன வருசம் சட்டி தேப்பேன், நீங்களே சொல்லுங்க. வாயத் தொறக்காம உள்ள போய் அந்தச் சுவிட்ச மாத்துங்க.”

என்னைக் காப்பாற்றுவதற்காக அவள் பொய் சொன்னாள் என்று ஒரு நொடி நினைத்தேன். அப்படி இல்லை. நான் அவள் கணக்கிலேயே இல்லை. மிஷின் வீட்டில் இருக்க வேண்டும், அதுதான் அவளுக்கு.

உள்ளே போய் பிளக்கைப் பிடுங்கினேன். அண்ணாச்சி மாடியில் யாரோடோ பேசிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. முதல் ஸ்க்ரூவில் கை வைத்தேன். மதினி பின்னாலேயே வந்தாள்.

“ஒரு நிமிசம் தம்பி. இன்னைக்கு வெள்ளிக்கிழமைலா. பொட்டு வச்சிருதேன்.”

அவள் இடது கையிலிருந்து பையைக் கழற்றியிருந்தாள். ஒரு சின்னக் கிண்ணத்தில் சந்தனம் கரைத்து வைத்திருந்தாள். அடுப்புக்கு வைத்தாள், கிரைண்டருக்கு வைத்தாள், ஃபிரிட்ஜுக்கு வைத்தாள். பிறகு மிஷினின் கதவை ஒரு சாண் அளவு திறந்து, மேல் விளிம்பில், சரியாக நடுவில், விரலால் சந்தனத்தை வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தாள். வெடித்த விரலால் கெட்டியாகக் குழைக்க முடியாது. சந்தனம் தண்ணீராக இருந்தது. அது வழிந்து கொக்கித் துளைக்குள் இறங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது.

“இத எப்பேல இருந்து வைக்கீங்க மதினி?”

“வந்த அன்னையில இருந்து. வெள்ளிக்கு வெள்ளி. முன்னால வச்சா ஸ்டீலு கறை புடிக்கும்னு மக சொன்னா. அதான் உள்ளுக்க, மேல வைக்கேன். கதவு நெலைக்கு வைக்கமாதிரி.”

துளைக்குள் விரலை விட்டு எடுத்து முகர்ந்தேன். சந்தனம். மூன்று தடவை இந்தக் கதவைப் பிரித்திருக்கிறேன். மூன்று தடவையும் அந்தப் பொடியைத் துடைத்துப் போட்டிருக்கிறேன். சோப்பைக் குறையுங்கள் என்று புத்தி சொல்லியிருக்கிறேன். இந்த வீட்டில் வெள்ளிக்கிழமை என்ன செய்வீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதைவிட எனக்குத் தாங்காமல் போனது வேறு. அவள் கையை வேக வைத்த மிஷின் அது. அதற்கும் இந்த வெள்ளிக்கிழமை பொட்டு உண்டு.

அப்போதுதான் அண்ணாச்சி இறங்கி வந்தார். வேட்டி, தோளில் துண்டு.

“வாரும் டாக்டரே. பாத்தீரா இவ கைய? கொப்பரையத் தூக்கிப் பின்னால வாழைக்குள்ள எறிஞ்சுட்டேன். புதுசு வாங்கியாச்சு. அந்தக் கொப்பரையச் செஞ்சவன் மட்டும் இப்ப என் கையில கெடச்சான்னா...”

அவர் முடிக்கவில்லை. ஒரு பாவமும் செய்யாத ஒரு கொப்பரை ஐந்து நாளாக மழையில் கிடந்தது. மதினி என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்று அந்தக் கண் சொன்னது.

அவள் வீட்டு வாசலிலிருந்து மினி பஸ் நிற்கிற இடம் நூறு அடி. சுவிட்சை மாற்றிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். பல ஊரில் அப்படித்தான் போயிருக்கிறேன்.

“கொப்பரை இல்ல அண்ணாச்சி. இதுதான். நான் ஒயர டைரக்ட் பண்ணிட்டுப் போனேன். திங்கக்கிழமை வாரேன்னு சொன்னேன், வரல. போன் பண்ணாக, எடுக்கல.”

மதினி கிண்ணத்தை மேடையில் வைத்த சத்தம் கேட்டது.

அண்ணாச்சி அவளிடம் கேட்டார். “எட்டி, நெசமா?”

அவள் கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் மறைத்தாள். அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவர் என்னை ஒதுக்கிவிட்டு மிஷினின் இரண்டு பக்கமும் கை வைத்து இழுக்க ஆரம்பித்தார். தரையில் கிரீச்சென்று ஒரு அடி நகர்ந்தது.

“இது இந்த வீட்டுல இருக்கப்படாது.”

“இருக்கட்டும்,” என்றாள் மதினி. அவ்வளவு சின்னக் குரலை நான் அவளிடம் கேட்டதில்லை. “இருக்கட்டுங்க.”

“அண்ணாச்சி,” என்றேன். “சுவிட்ச மாத்திட்டு வெந்நீர்ல ஓட விடுதேன். பாதியில தொறப்போம். நின்னா வைங்க. நிக்கலன்னா நானே தலையில தூக்கிட்டுப் போறேன்.”

“யாரு கைய விட்டுப் பாக்கப் போற?”

“என் கைய.”

அவர் நாற்காலியை எடுத்து வந்து வாசலில் போட்டார். முதல் நாள் போட்ட அதே இடம். இந்தத் தடவை கேலி இல்லை. ஸ்டேஷனில் ஒருவனை உட்கார வைத்துக் காவல் இருப்பது போலக் கை கட்டி உட்கார்ந்தார்.

கதவைப் பிரித்தேன். நான் சுற்றிய டேப் அப்படியே இருந்தது. அதை அவர் பார்க்கும்படி உரித்தேன். துளைக்குள் இறங்குகிற சந்தனம்தான் காய்ந்து சுவிட்சை இறுக்குகிறது என்று இரண்டு பேருக்கும் காட்டினேன். துளையை ஈரத்துணியால் மூன்று முறை துடைத்து, காய்ந்த துணியால் துடைத்து, புது சுவிட்சுகளை மாட்டினேன். மீட்டரில் அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். அமுக்கினால் பீப், விட்டால் அமைதி. எத்தனை தடவை என்று தெரியாது. அண்ணாச்சி, “போதும்டே, கூவுதது காது வலிக்கி,” என்ற பிறகுதான் நிறுத்தினேன். குழாயடியில் மிச்சமிருந்த தட்டுகளை அடுக்கி, கதவை மூடினேன். ‘டக்’.

தண்ணீர் சூடாக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாடியிலிருந்து யாரோ காப்பி கேட்டார்கள். மதினி, “இப்ப இல்ல,” என்றாள். மிஷின் கதவில் கை வைத்துப் பார்த்தேன், நன்றாகச் சுட்டது. உள்ளே தண்ணீர் சுழன்று தட்டுகளில் அடிக்கிற சத்தம் பெருமழை மாதிரி இருந்தது.

சட்டைக் கையை மடக்கினேன். சுவிட்ச் சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் பழைய தழும்பு இருந்த இடம் முன்கூட்டியே எரிந்தது. ஒன்றும் தெரியாமல் டம்ளரோடு நீண்ட அந்தக் கையை நினைத்துக்கொண்டு இழுத்தேன்.

நின்றது. ஆவி மட்டும் முகத்தில் அடித்தது. உள்ளே சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தம்.

“மறுபடியும்,” என்றார் அண்ணாச்சி.

மூடினேன், ஓடியது. திறந்தேன், நின்றது.

“தள்ளு.”

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து நாற்காலியில் போட்டார். வெற்று மார்போடு மிஷின் முன்னால் குனிந்தார். “ஐயோ, நீங்க வேண்டாம்,” என்று மதினி கட்டுப் போட்ட கையை நீட்டினாள். அவர் ஓடுகிற மிஷினின் கதவைப் படாரென்று முழுக்கத் திறந்தார். நின்றது. அவர் கண்ணாடி பூராவும் ஆவி படிந்துவிட்டது. அதைத் துடைக்காமல் அப்படியே குனிந்து நின்றார்.

“நின்னுட்டு,” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவை மூடிவிட்டு நிமிர்ந்தார். “பொட்ட இனிமே பக்கவாட்டுல வை. கறை புடிச்சா புடிச்சிட்டுப் போகுது.” மதினியிடம்தான் சொன்னார், முகத்தைப் பார்க்காமல். பிறகு என்னிடம், “போய் அந்தக் கொப்பரைய எடுத்துட்டு வா,” என்றார்.

வாழைகளுக்கு நடுவில் கிடந்தது. ஒரு பக்கம் நசுங்கி, உள்ளே பாதி வரை சாரல் தண்ணீர். கவிழ்த்துக் கொட்டிவிட்டு எடுத்துக்கொண்டு திரும்பினேன். பின்வாசலை நெருங்கியபோது மதினியின் குரல் கேட்டது.

“டம்ளர் ஒண்ணு இருக்கு.”

“குடு. நான் தொறக்கேன்.”

கொப்பரையைக் கையில் வைத்துக்கொண்டு, சத்தம் நிற்கிறதா என்று மழையில் நின்று கேட்டேன்.